இரண்டு விரற்கடை தள்ளி

செய்தி எனக்கு வரவில்லை. நான்தான் அதைக் கூப்பிட்டேன்.

மயிலாடுதுறைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடை. பட்டறைக்கு பேரிங் வாங்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். மண்வெட்டிகளுக்கும் நைலான் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே நாங்கள் கண்டுபிடித்த சாமான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பட்டறையில் செய்தது அல்ல, ஆனால் எங்களுடையது. மழை வரும்போது நெல் குவியல்மேல் ஒரே ஆள் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்கான ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு கயிறு. அட்டையில் மார்க்கரால் ‘ஒத்தாசை’ என்று பெயர்கூட எழுதியிருந்தார்கள். அது என் மனைவி ஜெசிந்தா வைத்த பெயர்.

“இது எங்க வாங்குனதுங்க?” என்று கேட்டேன்.

“வாங்கறதா? நாமளே போடறது சார்,” என்றார் கடைக்காரர். பெருமை தாங்கவில்லை அவருக்கு. “மொதல்ல போட்டதெல்லாம் கோணிக்கிட்டுதான் போச்சு. அப்புறம் தஞ்சாவூர்ல ஒரு காலேஜ் மேடம் போன்ல சொன்னாங்க. ஓட்டைய நுனியிலேருந்து ரெண்டு வெரக்கடை தள்ளிப் போடுங்க, ஆனா பொம்பள வெரக்கடைன்னாங்க. ஆம்பள வெரல வச்சா குத்துமாம். இப்ப வீட்ல உள்ளவங்க கைய வச்சுதான் அளக்கறது. நாங்க அதுக்கு மேடம் வெரக்கடைன்னே பேரு வச்சிருக்கோம்.”

எங்கள் சாமானைக் காப்பியடித்தவருக்கு என் மனைவியே போனில் பாடம் நடத்தியிருக்கிறாள். போதாததற்குப் பெயரையும் சும்மா கொடுத்திருக்கிறாள். அங்கேயே நின்று அவளுக்கு போன் போட்டேன். முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எடுத்தது ஓர் ஆண் குரல்.

“சார், நான் எலிப்பொறி சார்.”

“என்னது?”

“எலிப்பொறி காட்ட வந்தவன் சார். மேடம் பேசிக்கிட்டே இருந்தாங்க, தலையப் புடிச்சாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. ஆம்புலன்ஸ்லதான் போயிட்டு இருக்கோம். நீங்க பதட்டப்படாம மெதுவா வாங்க சார்.”

நான் கும்பகோணம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் உப்பி வெடித்துவிட்டதாக டாக்டர் படம் வரைந்து விளக்கினார். நான் மெக்கானிக்கல் படித்தவன். குழாயின் சுவர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் உப்பும், அங்கேதான் வெடிக்கும். புரிகிறது என்று தலையாட்டினேன். இன்றுவரை என் நிலைமை அதுதான். எல்லாம் புரிகிறது. எதுவும் உறைக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். “அந்தக் குழாய்க்கு ஒரு பேட்டன்ட் எடுத்து வச்சிருக்கலாமே தம்பி.” எடுத்திருந்தால்? அந்தக் குழாய்க்கு எடுத்திருந்தால் இந்தக் குழாய் தாங்கியிருக்குமா? அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே குழாயைத் தாங்களே செய்து வைத்திருப்பவர்கள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. அதுவாவது வந்ததே.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவள் அறைக்கு வந்திருப்பீர்கள். கல்லூரியில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறை. வெளியே ‘காப்புரிமை ஆலோசனை மையம்’ என்று பலகை. ஊருக்குள் அவள் பெயர் ‘வேணாம் மேடம்’. கண்டுபிடிப்பைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வருவார்கள். அவள் தண்ணீர் கொடுப்பாள், உட்காரச் சொல்வாள். பொருளைக் கையில்கூட வாங்காமல் முதல் கேள்வி கேட்பாள். “இத இதுவரைக்கும் யார் யாருக்குக் காட்டுனீங்க?” பதிவு செய்யும் முன்னால் ஊர் பார்த்துவிட்டால் அது புதுசு இல்லை என்று சட்டம் ஒதுக்கிவிடும். அதனால்தான் அந்தக் கேள்வி.

ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து தேங்காய் உரிக்கும் கத்தியோடு ஒருவர் வந்த நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன்.

“யாருக்கும் காட்டல மேடம். சத்தியமா. கதவச் சாத்திக்கிட்டுதான் செஞ்சேன்.”

“நல்லது. வீட்ல?”

“வீட்ல மட்டும். அப்புறம் நம்ம வாட்ஸ்ஆப் குரூப்புல.”

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள். “குரூப்புல எத்தன பேருங்க?”

“எல்லாம் நம்ம ஆளுங்கதான் மேடம். வெளியாள் யாரும் கெடையாது.”

நான் சிரித்துவிடாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குப் போனாள். “சரி, அப்படியே பேட்டன்ட் கெடச்சதா வச்சுக்கோங்க. ஒருத்தர் இதே மாதிரி செஞ்சு விக்கறாரு. அவரு மேல கேஸ் போடுவீங்களா?”

“போடாம?”

“யாரு மொதல்ல செய்வாங்கன்னு நெனைக்கறீங்க?”

அவர் உண்மையிலேயே யோசித்தார். “என் மச்சான் வெல்டிங் கடை வச்சிருக்கான் மேடம். அவன்தான் செய்வான்.”

“மச்சான் மேல போடுவீங்களா?”

“அது எப்படி மேடம் போடறது? தங்கச்சிய அங்க குடுத்துருக்கோம்.”

“அப்ப வேணாம்ங்க,” என்றாள். வலிக்காமல் சொல்லத் தெரிந்த ஒரே ‘வேணாம்’ அவளுடையது. “பேட்டன்ட்டுங்கறது பூட்டு இல்ல. கேஸ் போடறதுக்கான டிக்கெட். டிக்கெட் வாங்கிட்டு பஸ் ஏறாம நிக்கறதுக்கா வருஷா வருஷம் பணம் கட்டுவீங்க? நீங்களும் மச்சானும் சேந்து செஞ்சு வித்துடுங்க.” அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். தீபாவளிக்கு ஒரு சாக்குத் தேங்காய் வந்தது, உரித்தது.

எல்லோரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை. பாபநாசத்திலிருந்து ஒரு பெண், பம்புசெட் வால்வு ஒன்றைக் கொண்டுவந்தார். வெளியே பார்த்தால் எல்லா வால்வும் போலத்தான். ஜெசிந்தா அதை என்னிடம் கொடுத்துக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். நான் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். தண்ணீர் ஏன் பின்வாங்கவில்லை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “எடுத்துடுங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்கே புரியல,” என்றாள். அதன்பிறகு மாதக்கணக்கில் அந்த மனுவோடு மல்லுக்கட்டினாள். அவள் கணக்கு அதுதான்: “பாத்த ஒடனே புரிஞ்சா ஊருக்கு. கழட்டிப் பாத்தும் புரியலன்னா பேட்டன்ட் ஆபீசுக்கு.”

எங்கள் முதல் சந்திப்பும் அந்த அறையில்தான். விதை தூவும் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். “வேணாம்ங்க,” என்றாள். ஒரு மணி நேரம் வாதாடினேன். மறுவாரமும் போனேன். மூன்றாவது முறை நான் டப்பாவை எடுத்துப் போகவில்லை என்பதை அவள்தான் கவனித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு யாராவது எப்படிப் பழக்கம் என்று கேட்டால், “அவரோட அப்ளிகேஷன் எங்கிட்ட இன்னும் பெண்டிங்லதான் இருக்கு,” என்பாள்.

இனி ‘ஒத்தாசை’யின் கதை. ஒரு குறுவை அறுவடையில் அப்பா கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தார். மழை வந்துவிட்டது. காற்றும் சேர்ந்துகொண்டது. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. பக்கத்துக் குவியல்காரர்கள் அவரவர் தார்ப்பாயோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நெல் நனைந்து, ஈரப்பதம் ஏறி, காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். இரவு போனில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “ரெண்டு கை பத்தலடா.”

நான் வடிவமைப்பில் இறங்கினேன். ஸ்டாண்ட், கைச்சக்கரம், பின்னால் சுற்றாமல் தடுக்க ராட்செட், இழுவிசைக்கு ஸ்பிரிங், இரண்டு பேரிங். சக்கரத்தைச் சுற்றினால் தார்ப்பாய் ராஜ ஊர்வலம்போல் குவியல்மேல் ஏறும். இதைப்போல ஒன்று எங்கேயும் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். பேட்டன்ட் நிச்சயம். ஜெசிந்தாவைப் பட்டறைக்கு அழைத்துவந்து காட்டினேன்.

சுற்றி வந்து பார்த்தாள். “இது என்ன?”

“ராட்செட். பின்னால சுத்தாது.”

“இத எடுத்தா என்ன ஆகும்?”

“பின்னால சுத்தும்.”

“சுத்துனா?”

“தார்ப்பாய் கொஞ்சம் கீழ எறங்கும்.”

“எறங்குனா மறுபடி இழுத்துக்க வேண்டியதுதானே?” ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினாள். “கழட்டுங்க.”

அன்று சாயங்காலம் முழுக்க இதே கதை. ஸ்பிரிங்கை எடுத்தா என்ன ஆகும்? சக்கரத்தை எடுத்தா? மழையில இந்த ஸ்டாண்ட யாரு தூக்கிட்டு வர்றது, மாமாவா? ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் கிடந்தது. என் படிப்பு, என் உழைப்பு, என் பேட்டன்ட், எல்லாம் ஒரு மூலையில் குவிந்தது. கடைசியில் மிஞ்சியது தார்ப்பாயின் விளிம்பில் செருகிய ஒரு குழாய், அதன் இரு நுனியிலும் கட்டிய கயிறு. கயிற்றைக் குவியலுக்கு மேலே வீசிவிட்டு மறுபக்கம் போய் இழுத்தால் குழாய் உருண்டு ஏறி இறங்கும், தார்ப்பாய் தானாக விரியும்.

“எல்லாத்தையும் கழட்டிட்டே. இப்ப பேட்டன்ட்ல எத எழுதறது?”

“எழுத ஒண்ணும் இல்லல்ல?” என்றாள். “அப்பன்னா இப்பதான் இது வேலைக்கு ஆகும்.”

கயிறு கட்ட ஓட்டை போட வேண்டியிருந்தது. நான் தார்ப்பாயைப் பிடித்திருந்ததால், “நுனியிலேருந்து ரெண்டு வெரக்கடை தள்ளிக் குறிச்சுக்கோ,” என்றேன். அவள் தன் இரண்டு விரலை வைத்துக் குறித்து, துளையும் போட்டுவிட்டாள். பார்த்தபிறகுதான் கத்தினேன். “வெரக்கடைன்னா என் வெரக்கடை! உன் வெரல் என்ன வெண்டக்காய் மாதிரி…”

“மில்லிமீட்டர்னு ஒண்ணு கண்டுபுடிச்சிருக்காங்க இன்ஜினியரே. அதுல சொல்லியிருக்கலாம்ல?”

அடுத்த குழாயில் என் விரல் அளவுக்கு ஓட்டை போட்டேன். இழுத்தபோது நுனி நெல்லுக்குள் குத்தி, தார்ப்பாய் கோணிக்கொண்டு நின்றது. அவள் தப்பாகப் போட்ட குழாய் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் குழாய்தான். வெர்னியர் வைத்து அளக்கக்கூட அன்று எனக்கு மனம் வரவில்லை. அவள் தன் இரண்டு விரலையும் தூக்கிக் காட்டிக்கொண்டே பட்டறையைச் சுற்றி வந்தாள், தேர்தலில் ஜெயித்தவள்போல.

‘ஒற்றையாள் தார்ப்பாய்க் கருவி’ என்று பெயர் வைக்கலாம் என்றேன். “வாயில நொழையுமா இது? ஒத்தாசைன்னு வைங்க. ஒத்த ஆளோட ஆசை,” என்றாள்.

பேட்டன்ட்டுக்கு இருந்த ஒரே வாய்ப்பு, ஓட்டையின் இடத்தையாவது வைத்து ஏதாவது எழுதிப் பார்ப்பது. அதுவரை யாருக்கும் காட்டாதே என்றேன். மறுநாளே அப்பாவோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் இழுத்துக் காட்டினாள். வீடியோ எடுத்தவர்களிடம், “அந்தப் பக்கம் நில்லுங்க, ஓட்டை சரியா தெரியல,” என்று இடம் வேறு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் “யார் யாருக்குக் காட்டுனீங்க” என்று கேட்கிறவள்!

வீட்டில் பெரிய சண்டை. “உன் பேரு ஒரு எடத்துல இருக்க வேணாமா? நாளைக்கு எவன் பேர்லயோ இது ஓடும்,” என்றேன்.

“நெல்லு நனையறப்ப எவனாவது பேரு கேப்பானா? நீங்க குறுக்க நின்னு ராயல்டி கேப்பீங்களா?”

“அது இல்ல ஜெசி…”

“சரி, கேஸ் போடறீங்க. மொத ஆளு யாரு? உங்க சித்தப்பா. அவரு நேத்தே செஞ்சுட்டாரு.”

சண்டையை நான் முடிக்கவில்லை. நல்ல பதில் கிடைக்கும்போது தொடரலாம் என்று வைத்திருந்தேன். மயிலாடுதுறைக் கடை வாசலில் அந்தப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் போன் போட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுப் பந்தலில் கல்லூரி முதல்வர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். அடக்கத்தன்று பிள்ளையை இழந்தவர்போல் நின்றவர்.

“அருள், ஒரு யோசனை. அந்தக் கொழாய் மாடல் வெளிய வந்துடுச்சு, அதுல ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நீங்க மொதல்ல ஒண்ணு செஞ்சீங்களாமே, சக்கரம், ராட்செட்டெல்லாம் வச்சு? அத வெளியாளு யாரும் பாக்கலல்ல?”

“பாக்கல சார்.”

“அத பைல் பண்ணிடுவோம். காலேஜ் செலவு. இன்வென்டர்னு ஜெசிந்தா பேரு. சர்டிபிகேட் வந்ததும் பிரேம் போட்டு அந்த அறையிலயே மாட்டிடலாம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

அவள் கழற்றி எறிந்ததையெல்லாம் அவள் கண்டுபிடித்ததாக. சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் எனக்கும் ஆசைதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்லறைப் பலகையைத் தவிர அவள் பெயர் எழுதிய இடம் என்று எதுவும் இல்லை. சாகாத ஒரு காகிதத்தில் அந்தப் பெயர் இருந்தால் என்ன கெட்டுவிடும்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பந்தல் வாசலில் எலிப்பொறிக்காரர் நின்றிருந்தார். கையில் அன்றைக்குக் கொண்டுவந்த அதே எலிப்பொறிப் பை. அவர் அதைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. “மேடம் கடைசியா எங்கிட்ட கேட்டதே, யார் யாருக்குக் காட்டுனீங்கன்னுதான் சார்,” என்றார். “யாருக்கும் காட்டலன்னு சொன்னேன். அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். ‘மொத ஆளு நீங்கதான்’னாங்க. இன்னும் யாருக்கும் காட்டல சார்.”

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மூலையில் கிடந்ததைத் துடைத்து எடுத்து மேசைமேல் பரப்பிவிட்டு மனுவை எழுத உட்கார்ந்தேன். எழுதுவது கஷ்டமில்லை. அவளோடு இருந்து எனக்கும் அந்த மொழி வந்துவிட்டது. கைச்சக்கரம் ஒன்றைக் கொண்டதும் என்று எழுதினேன். இத எடுத்தா என்ன ஆகும்? அடித்தேன். பின்சுழற்சியைத் தடுக்கும் ராட்செட் அமைப்பு. சுத்துனா? அடித்தேன். ஆவியும் இல்லை, அசரீரியும் இல்லை, பழக்கம், அவ்வளவுதான். அவள் கேள்வியைத் தாங்குகிற ஒரு பாகமும் அந்த மேசைமேல் இல்லை. கடைசியில் தாளில் மிஞ்சியது ஒரு குழாய், ஒரு கயிறு, ஒரு ஆள்.

ஒரே ஆள் போதும் என்பதற்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். இருவர் சேர்ந்து.

முதல்வருக்கு போன் போட்டு, “வேணாம் சார்,” என்றேன். “அவங்க மாதிரியே சொல்றீங்க,” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

ஆகவே, அவளை அறிந்தவர்களே, அந்தக் குழாயை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க வரும்போது பேட்டன்ட் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அந்த அறையில் அடுத்து யார் உட்காருகிறாரோ தெரியவில்லை. யாராக இருந்தாலும் முதலில் எலிப்பொறிக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள். இந்த டெல்டாவிலேயே ரகசியம் காத்த ஒரே மனிதர் அவர். அது வீணாகக் கூடாது.

அவளுடைய புடவைகளை அவள் அம்மா எடுத்துப் போனார். புத்தகங்கள் கல்லூரிக்குப் போய்விட்டன. நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் தப்பாக ஓட்டை போட்ட அந்த முதல் குழாய். பட்டறையில் வெர்னியர் இருக்கிறது. நுனிக்கும் ஓட்டைக்கும் உள்ள தூரத்தை ஒரு நொடியில் மில்லிமீட்டரில் சொல்லிவிடலாம். அளக்கவில்லை. சில நாள் வேலை முடிந்ததும் என் இரண்டு விரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்கிறேன். கொள்ளவில்லை. ஓட்டை மறைந்துபோகிறது.